புள்ளி மறைந்தால் புரதம் டி.என்.ஏ.வை விட்டுப் போய்விட்டது என்று எழுதலாமா?

நூலிழை (கேள்வி)

வணக்கம். ஆராய்ச்சிப் படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட வரிசையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் பாக்டீரியப் புரதம் ஒன்றை வைத்து வேலை. அது பிடித்த இடத்தில் எத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு மூலக்கூறாகப் பார்த்து அளக்க வேண்டும். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

செய்வது இதுதான். கவர்ஸ்லிப்பைக் கழுவி, புரதம் ஒட்டாமல் இருக்க பெக் என்ற பாலிமர் பூசி, அதில் ஆங்காங்கே இருக்கும் பயோட்டின் மேல் அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் விட்டு, லாம்டா என்ற வைரஸின் டி.என்.ஏ.வை ஒரு முனையில் கட்டுகிறேன். லாம்டா 48,502 கார இணை நீளம், முழுக்க நீட்டினால் 16.5 மைக்ரான். இரண்டு முனையிலும் இயல்பாகவே 12 எழுத்து நீளத்துக்கு ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருப்பதால் இடது முனைக்கு மட்டும் பொருந்தும் பயோட்டின் துணுக்கை ஒட்டிவிட முடிகிறது. எங்கள் வரிசை இடது முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் செருகப்பட்டிருக்கிறது. பஃபரை ஓடவிட்டால் இழைகள் ஒரே திசையில் படுத்துக்கொள்கின்றன. புரதத்தில் ஒரே ஒரு சிஸ்டீனில் சை3 என்ற ஒளிரும் சாயம். டிர்ஃப் முறையில் (கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மட்டும் வெளிச்சம் படும்) 532 நானோமீட்டர் லேசர், 100 மில்லி நொடி ஃபிரேம், இடைவெளி இல்லாமல் படம் எடுக்கிறேன்.

புள்ளிகள் அழகாக வந்து உட்காருகின்றன. முதல் தடவை பார்த்த அன்று இரவு வீட்டுக்குப் போக மனமில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரிசையாக, எல்லாம் ஏறத்தாழ ஒரே தூரத்தில், ஒவ்வொன்றாக ஏற்றிய மாதிரி! ஆனால் சராசரியாக 8 நொடியில் மறைந்துவிடுகின்றன. அதே புரதத்தை ஜெல் ஷிஃப்ட்டில் (புரதம் பிடித்த டி.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக நகர்ந்து தனிப் பட்டையாக நிற்கும் முறை) பார்த்தால், போட்டிக்குச் சாயம் இல்லாத டி.என்.ஏ.வைக் கொட்டி ஒரு நிமிடம் கழித்து ஏற்றினாலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பட்டை நிற்கிறது. 8 நொடி என்றால் ஒரு நிமிடத்தில் சுத்தமாகக் காலியாகியிருக்க வேண்டும், இல்லையா? எங்கள் வழிகாட்டி 8 நொடி என்று எழுதிவிடலாம், ஜெல்லில் எப்போதும் அதிகமாகத்தான் வரும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். யோயோ-1 என்ற சாயம் போட்டு டி.என்.ஏ.வைக் காட்டினால் புரதப் புள்ளிகள் எண்ணிக்கையில் குறைகின்றன. அப்புறம் சில புள்ளிகள் மட்டும் மிகப் பிரகாசமாக ஒரு நிமிடம் தாண்டியும் மறையாமல் நிற்கின்றன. அவற்றைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

பழைய லேசர்

உங்கள் சந்தேகம் சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். புள்ளி மறைந்தது என்றால் உங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த இடத்திலிருந்து வெளிச்சம் வரவில்லை. புரதம் போயிருக்கலாம், இல்லை புரதம் அங்கேயே உட்கார்ந்திருக்க அதன் சாயம் வெளுத்துப்போயிருக்கலாம். இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒரே மாதிரிதான் தெரியும், ஒரே ஃபிரேமில் சட்டென்று அணையும். படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பிரிக்க முடியாது, அளக்கும் விதத்தை மாற்றித்தான் பிரிக்க வேண்டும்.

முதலில் பத்து நிமிட வேலை. லேசர் சக்தியைப் பாதியாக்கி அதே படத்தை எடுங்கள். புரதத்துக்கு உங்கள் லேசரைப் பற்றிக் கவலை இல்லை, அது போகிற நேரத்துக்குத்தான் போகும். ஆகவே 8 நொடி அப்படியே இருந்தால் அது புரதத்தின் நேரம், 8 என்பது 14, 15 என்று ஏறினால் நீங்கள் இத்தனை நாளாக அளந்தது பெரும்பாலும் சாயத்தின் ஆயுளை.

அடுத்து சரியான அளவீடு. ஃபிரேம் 100 மில்லி நொடியாகவே இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நடுவில் லேசரை மூடி வையுங்கள். அரை நொடிக்கு ஒரு படம், இரண்டு நொடிக்கு ஒரு படம் என்று இரண்டு மூன்று இடைவெளியில் எடுங்கள். இடைவெளி இல்லாமல் எடுக்கும்போது சாயத்தின் மேல் எப்போதும் வெளிச்சம் படுகிறது, இரண்டு நொடிக்கு ஒன்று என்றால் இருபதில் ஒரு பங்கு நேரம்தான் படுகிறது. வெளுப்பு வெளிச்சம் பட்ட நேரத்தைப் பொறுத்தது, புரதம் கிளம்புவது கடிகார நேரத்தைப் பொறுத்தது. மறையும் வேகத்தை இடைவெளியால் பெருக்கி, அதை இடைவெளிக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு வரும். கோட்டின் சாய்வு புரதம் கிளம்பும் வேகம், அச்சை வெட்டும் இடம் ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு வெளுக்கிறது என்பது. ஹார்வர்டில் சன்னி ஷியின் குழு 2013இல் உயிருள்ள பாலூட்டிச் செல்களில் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி டி.என்.ஏ.வில் தங்கும் நேரத்தை இப்படித்தான் வெளுப்பிலிருந்து பிரித்து எடுத்தது. செல்லுக்குள்ளேயே செய்ய முடிந்ததைக் கண்ணாடி மேல் செய்வது அத்தனை கஷ்டம் இல்லை. ஆனால் இடைவெளி கூடக்கூட மேடை நகர்ந்துவிடும், ஃபோகஸ் விலகும். ஒளிரும் மணிகள் சிலவற்றைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து அதை வைத்து நகர்வைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிஜனை உறிஞ்சும் கலவை போடுகிறீர்களா? குளுக்கோஸ் ஆக்ஸிடேஸும் கேட்டலேஸும் போட்டால் சாயத்தின் ஆயுள் நன்றாகக் கூடும், கூட ட்ரோலாக்ஸ் சேர்த்தால் கண் சிமிட்டுவது குறையும். ஆனால் அந்த வினையில் குளுக்கோனிக் அமிலம் உண்டாகி பி.எச். மெல்ல இறங்கும். காலையில் கலக்கியதை மாலையில் போட்டால் புரதத்தின் பிடியே மாறியிருக்கும். சின்னச் சின்னதாகக் கலந்து அவ்வப்போது மாற்றுங்கள்.

பிரகாசமான புள்ளிகள் பெரும்பாலும் திரண்டுபோன புரதக் கட்டிகள். அவற்றின் ஒளி அளவை நேரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். ஒற்றை மூலக்கூறு என்றால் ஒரே படியில் இறங்கும், கட்டி என்றால் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும். ஒரே படியில் அணைபவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள், ஆனால் எத்தனை புள்ளிகளை விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கண்ணாடித்தகடு

மேலே சொன்னதெல்லாம் சரி, அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்தப் புள்ளிகள் டி.என்.ஏ. மேல்தான் இருக்கின்றனவா? டிர்ஃப் முறையில் லேசர் கண்ணாடியில் சாய்வாகப் பட்டு முழுவதும் திரும்பிவிடுகிறது, கண்ணாடியை ஒட்டி 100, 200 நானோமீட்டர் தடிமனுக்கு மட்டும்தான் வெளிச்சம் கசிகிறது. மேலே மிதக்கும் புரதம் தெரியாது என்பது பெரிய வசதி. ஆனால் கண்ணாடியில் நேராக ஒட்டிக்கொண்ட புரதமும் அதே அடுக்கில் அதே மாதிரி ஜொலிக்கும்.

உங்கள் டி.என்.ஏ. ஒரு முனையில் மட்டும் கட்டியிருப்பதால் இதற்கு அருமையான சோதனை இருக்கிறது. பஃபர் ஓட்டத்தை நிறுத்துங்கள். நிறுத்திய மறுகணம் இழைகள் நாய் வால் சுருள்வது போலக் கட்டிய முனைக்குத் திரும்பிச் சுருண்டுவிடும், அவற்றின் மேல் இருந்த புள்ளிகளும் கூடவே ஓடிப்போய் மங்கி மறையும். மறுபடி ஓட்டத்தைத் திறந்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். கண்ணாடியில் ஒட்டியவை மட்டும் எதற்கும் அசையாது. எரிக் கிரீன் குழுவின் டி.என்.ஏ. திரைச்சீலை முறையில் இந்த ஓட்ட-நிறுத்தச் சோதனை வழக்கமான ஒன்று. கண்ணாடி மேல் கொழுப்பு இரட்டை அடுக்கைப் பரப்பி, குரோமியத் தடுப்புகளில் நூற்றுக்கணக்கான இழைகளை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். இழைகளின் முனை கொழுப்பில் மிதப்பதால் ஓட்டம் அவற்றைத் தள்ளித் தடுப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு நாளும் படம் எடுக்கத் தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், அசையாத புள்ளிகளைக் குறித்துக்கொண்டு பிறகு நீக்கிவிடுங்கள். அவை நிறைய இருந்தால் பெக் பூச்சு சரியில்லை என்று அர்த்தம், கண்ணாடி கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கேசீன் விட்டு மூடினால் கொஞ்சம் குறையும், ஆனால் மோசமான பூச்சை அது காப்பாற்றாது.

யோயோ விஷயம். அது டி.என்.ஏ.வின் காரப் படிகளுக்கு நடுவில் நுழைந்து உட்காரும் சாயம். நுழையும் இடமெல்லாம் டி.என்.ஏ. நீள்கிறது, முறுக்கு அவிழ்கிறது. உங்கள் புரதம் தேடுகிற வடிவமே அங்கே மாறிப்போகிறது, அதனால் எண்ணிக்கை குறைவதில் வியப்பில்லை. அதோடு யோயோ மேல் லேசர் பட்டால் டி.என்.ஏ.வில் வெட்டுகள் விழும். நீங்களே பார்த்திருப்பீர்கள், நன்றாக நீண்டு கிடந்த இழை திடீரென்று நடுவில் அறுந்து பாதி ஓட்டத்தோடு போய்விடும். சாயம் இல்லாமல் புரதப் படம் முழுவதையும் முதலில் எடுத்துவிட்டு, கடைசியில் யோயோவை விட்டு இழைகள் எங்கே இருந்தன என்று ஒரு படம் எடுத்துப் பொருத்துங்கள். நடுவிலேயே டி.என்.ஏ.வைப் பார்க்க வேண்டுமென்றால் சைட்டாக்ஸ் ஆரஞ்சு கொஞ்சம் பரவாயில்லை, வந்து வந்து போகும். டெல்ஃப்டில் கேஸ் டெக்கர் குழு 2018இல் ஒற்றை காண்டென்சின் புரதம் டி.என்.ஏ.வை வளையமாக இழுப்பதை நேரில் படம் பிடித்ததே, அதில் டி.என்.ஏ.வுக்குப் போட்டது இந்தச் சாயம்தான். நொடிக்கு 1,500 கார இணை வரை வளையம் வளர்ந்தது. ஆனால் உங்கள் சை3 இருக்கும் அதே லேசரில் அதுவும் ஒளிரும், அதனால் உங்களுக்குக் கடைசியில் யோயோ போடுவதுதான் நல்லது.

இன்னொன்று, ஓட்டத்தில் நீட்டிய இழை கட்டிய முனைப்பக்கம் விறைப்பாகவும் தளர்ந்த முனைப்பக்கம் தொளதொளவென்றும் இருக்கும். இத்தனை மைக்ரானுக்கு இத்தனை கார இணை என்று ஒரே எண்ணால் வகுத்தால் இடம் தவறும். டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் நொதி ஈகோஆர்ஐ, வெட்டாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும் அதன் மாறுரு ஒன்று உண்டு, ஈ111க்யூ. லாம்டாவில் ஈகோஆர்ஐக்கு ஐந்து இடம், முதல் இடம் 21,226இல், கடைசி இடம் 44,972இல். அதற்கு வேறு சாயம் போட்டுக் கோத்தால் இழை மேலேயே அளவுகோல் வைத்த மாதிரி.

நூலிழை

இருவருக்கும் மிக்க நன்றி. ஓட்ட-நிறுத்தச் சோதனையை இன்றே செய்தேன். இருபது இழை இருந்த ஒரு புலத்தில் மூன்று புள்ளிகள் அசையவே இல்லை. பிரகாசமாக நிற்கிறது என்று சொன்னேனே, அவற்றில் இரண்டு இந்த மூன்றுக்குள் இருக்கின்றன. மற்றவை நீங்கள் சொன்னது போலவே சுருண்டு போய்த் திரும்பி வந்தன.

பழைய லேசர் சார், ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. புரதம் இழை மேல் வழுக்கிக்கொண்டு போய்த்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது என்று படித்திருக்கிறேன். என் படத்தில் ஒன்றுகூட வழுக்கவில்லை, எல்லாம் நேராக வந்து இடத்தில் உட்காருகின்றன. என் புரதம் வழுக்காத வகையா?

பழைய லேசர்

அப்படி அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்ஓஜிஜி1 என்ற மனிதப் பழுதுநீக்கப் புரதம் இழை மேல் பரவும் வேகம் நொடிக்குச் சுமார் 50 லட்சம் சதுர கார இணை என்று 2006இல் ஷி குழு அளந்தது. அந்த வேகத்தில் உங்கள் 100 மில்லி நொடி ஃபிரேமுக்குள் அது 1,000 கார இணை தூரம், அதாவது 340 நானோமீட்டர், அங்கும் இங்கும் அலைந்துவிடும். அது ஒரு புள்ளியின் அகலத்தைவிடப் பெரிது. வெளிச்சம் இழுபட்டுப் பின்னணியோடு கரைந்துபோகும், நீங்கள் எதையும் பார்க்க மாட்டீர்கள். உங்கள் கேமரா நின்றவர்களை மட்டும் பதிவு செய்கிறது, ஓடுகிறவர்களை அல்ல.

2007இல் யோஹன் எல்ஃப், ஜீன்-வெய் லி, சன்னி ஷி மூவரும் உயிருள்ள ஈ. கோலைக்குள் லாக் ரிப்ரஸரை (ஆபரேட்டர் என்ற டி.என்.ஏ. இடத்தில் உட்கார்ந்து மரபணுவை அடக்கும் புரதம்) பார்த்தபோது இதையே கருவியாக்கினார்கள். நீண்ட ஃபிரேமில் ஆபரேட்டரில் உட்கார்ந்தது மட்டும் புள்ளியாகத் தெரிந்தது. அலைகிறவற்றைப் பிடிக்கத் துளித் துளி நேரம் லேசரை மின்னவைத்தார்கள். ரிப்ரஸர் தேடும் நேரத்தில் பெரும்பகுதியை, ஏறக்குறைய 90 சதவீதத்தை, டி.என்.ஏ.வில் ஏதோ ஒரு இடத்தில் தொட்டுக்கொண்டுதான் கழிக்கிறது என்று தெரிந்தது, ஒவ்வொரு தொடுகையும் 5 மில்லி நொடிக்குள் முடிந்துவிடுகிறது. 2012இல் எல்ஃப் குழுவே இன்னொரு படி போனது. ரிப்ரஸர் ஒரு தடவை வழுக்கும் தூரம் சுமார் 45 கார இணைதான், அதுவும் ஆபரேட்டரைப் பலமுறை தாண்டித் தாண்டிப் போய்விட்டுத்தான் பிடிக்கிறது. 45 கார இணை என்றால் 15 நானோமீட்டர். உங்கள் நுண்ணோக்கியில் அது ஒரே இடம்.

உப்பைக் குறைத்து, ஃபிரேமை 10 மில்லி நொடியாக்கி, லேசரைக் கூட்டி, குறுகிய படம் எடுங்கள். ஓட்டமும் இருக்கக் கூடாது, அது புரதத்தையும் ஒரு பக்கம் தள்ளும். அதனால் இரண்டு முனையும் கட்டிய இழை வேண்டும். வேகம் உப்போடு ஏறினால் இழையை விட்டு எழும்பி எழும்பித் தாவுகிறது, உப்பால் மாறாவிட்டால் விடாமல் வழுக்குகிறது. தங்கும் நேரத்தை அளக்கும் படத்தையும் வழுக்கலைப் பார்க்கும் படத்தையும் ஒன்றாக எடுக்க நினைக்காதீர்கள், இரண்டுக்கும் எதிரெதிரான அமைப்பு தேவை.

குளிரறை

நான் கண்ணாடி மேல் இல்லை, செல்லுக்குள் பார்ப்பவள். ஆனால் இந்தக் கேள்வியை வேறு உருவில் நானும் பட்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

செல் பிரியும்போது குரோமோசோம்கள் இறுகித் தடித்து நிற்கும். அப்போது படியெடுப்புக் காரணிகள், அதாவது மரபணுக்களை இயக்கும் புரதங்கள், டி.என்.ஏ.வை விட்டுக் கிளம்பிவிடுகின்றன என்று வெகுகாலம் பாடமாகவே இருந்தது. செல்களை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, ஒளிரும் எதிர்ப்பொருள் போட்டுப் பார்த்தால் குரோமோசோம் இருக்கும் இடம் கறுப்பாக, சுற்றிலும் வெளிச்சமாகத் தெரியும். நானும் அப்படித்தான் பார்த்தேன், அந்தப் படம் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்காத அளவுக்குத் தெளிவாக இருந்தது. 2016இல் பெர்க்லியில் ட்ஜியன், டார்சாக் குழுக்கள் சாக்ஸ்2 போன்ற காரணிகளுக்கு ஹேலோ டேக் (ஒளிரும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டு) போட்டு உயிருள்ள எலிக் கருத்தண்டுச் செல்களில் பார்த்தபோது குரோமோசோம்கள்தான் ஜொலித்தன. அதே செல்லில் ஃபார்மால்டிஹைடை விட்டதும் வெளிச்சம் குரோமோசோமை விட்டு வெளியே போயிற்று! நொடிக் கணக்கில் வந்து போகிற புரதத்தை, அதைவிட மெதுவாகக் கட்டிப்போடுகிற மருந்து பிடிப்பதற்குள் சமநிலையே குலைந்துவிடுகிறது. அந்தத் தாளைப் படித்த வாரமே என் புரதத்துக்கும் டேக் போட்டு உயிரோடு பார்த்தேன். கறுப்பாக இருந்த இடம் வெளிச்சமாக இருந்தது. ஒன்றரை வருடப் படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன்.

நூலிழைக்கு இதிலிருந்து ஒன்று. தங்கும் நேரம் என்பது புரதத்துக்குப் புரதம் பெரிதும் மாறும். ஹான்சன் முதலானோர் 2017இல் அளந்தபோது சி.டி.சி.எஃப். என்ற டி.என்.ஏ. பிடிக்கும் புரதம் ஒரு நிமிடம்போலத்தான் தங்கியது, அதனோடு சேர்ந்து வளையங்களை நிறுத்திவைக்கும் கோஹீசின் 22 நிமிடம்போல. அவ்வளவு நீண்ட நேரத்தை ஒற்றைப் புள்ளியைத் தொடர்ந்து அளக்க எந்தச் சாயமும் தாங்காது. அதற்கு ஃபிராப் முறைதான், ஒரு பகுதியை வேண்டுமென்றே வெளுக்கவைத்து எவ்வளவு நேரத்தில் புது வெளிச்சம் வந்து நிரம்புகிறது என்று பார்ப்பது. உங்கள் எண் சாயத்தின் ஆயுளுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் எப்போதும் இன்னொரு முறையில் சரிபாருங்கள். வழிகாட்டியிடம் சண்டை வேண்டாம், அந்த நேர்கோட்டை அச்சிட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

நூலிழை

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கவர்ஸ்லிப் எல்லாம் புதிதாகப் பூசி, கலவையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி, அசையாத புள்ளிகளை நீக்கி, ஒரே படியில் அணைபவற்றை மட்டும் எடுத்தேன்.

இடைவெளி இல்லாமல் எடுத்தால் அதே 8 நொடி. லேசரைப் பாதியாக்கியதும் 14. அந்த எண்ணைப் பார்த்ததுமே பாதி பதில் தெரிந்துவிட்டது. அரை நொடிக்கு ஒரு படம் என்றால் 27 நொடி, இரண்டு நொடிக்கு ஒன்று என்றால் 50 நொடி. பழைய லேசர் சார் சொன்னபடி கோடு வரைந்தேன், மூன்று புள்ளியும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. சாய்விலிருந்து வருவது 70 நொடி. சாயத்தின் ஆயுள் தொடர்ந்து வெளிச்சம் பட்டால் 9 நொடிதான். ஜெல்லில் ஒரு நிமிடம் கழித்துப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது என்றேனே, 70 நொடிக்குக் கணக்குப் போட்டால் 42 சதவீதம் நிற்க வேண்டும். பொருந்துகிறது.

குளிரறை அக்கா சொன்னது போலக் கோட்டை அச்சிட்டு வழிகாட்டியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார், பிறகு ஐந்து நொடி இடைவெளியில் இன்னொரு புள்ளி எடுத்துவிட்டு எழுதலாம் என்றார். நாளை அதுதான் வேலை. மேடை நகர்வுக்கு மணிகள் ஒட்டிவைத்துவிட்டேன்.

அடுத்து ஒன்று செய்ய ஆசை. கரைசலில் சாயம் இல்லாத அதே புரதத்தைக் கூட்டினால் உட்கார்ந்திருப்பது சீக்கிரம் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஈ. கோலையின் ஃபிஸ் புரதத்தில் கிரஹாம், ஜான்சன், மார்கோ 2011இல் அப்படி நடப்பதைக் காட்டியிருக்கிறார்கள், கரைசலில் இருப்பது வந்து இருப்பதை இடத்தை விட்டுக் கிளப்புகிறது. செல்லுக்குள் புரதம் நெரிசலாகத்தானே இருக்கும், அங்கே என் 70 நொடி என்ன ஆகும் என்று தெரியவேண்டும். எந்தச் செறிவிலிருந்து தொடங்கலாம், பின்னணி வெளிச்சம் கூடாமல் சாயமுள்ளதையும் இல்லாததையும் எப்படிக் கலப்பது என்று செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கண்ணாடித்தகடு

சாயமுள்ளதை முதலில் ஏற்றிவிட்டு, மீதியைக் கழுவிவிட்டு, அப்புறம் சாயம் இல்லாததை மட்டும் ஓடவிடுங்கள். கலக்கவே வேண்டாம், பின்னணியும் ஏறாது. 1 நானோமோலாரில் தொடங்கிப் பத்துப் பத்து மடங்காக ஏற்றுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் புது அறை, பழைய அறையைக் கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டாம். வெறும் பஃபரை அதே வேகத்தில் ஓடவிட்டு ஒரு படம் கட்டாயம் எடுங்கள், இல்லாவிட்டால் புரதம் கிளப்பியதா ஓட்டம் கிளப்பியதா என்று அடுத்த வாரம் இங்கேயே வந்து கேட்பீர்கள்.